ஜட்ஜய்யா மாறிப் போயிட்டாரு

அடி அண்ணாமலையில் ஒரு நிலத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். கிரிவலப் பாதையை ஒட்டிய நிலம். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வண்டிப் பாதை, அகலம் எட்டடி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாதைக்காக ஒருவரும் குரலை உயர்த்தியிருக்க மாட்டார்கள். பௌர்ணமிக் கூட்டம் பெருகி, பாதையோரம் ஆசிரமங்களும் விடுதிகளும் முளைத்து, செண்டுக் கணக்கில் பேரம் நடக்கும் காலம் வந்ததும் எட்டடி நாலடியாகிறது, பிறகு வேலியாகிறது. தம்பி வக்கீலைப் பார்க்கிறார். பிராது தாக்கலாகிறது.

வழக்குக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவரிடம் கேட்டால் வருஷக் கணக்கில் பதில் வராது. “நாலு ஜட்ஜு பாத்தாச்சு” என்பார். முதல் நீதிபதி நோட்டீஸ் அனுப்பினார். இரண்டாமவர் கமிஷனரை அனுப்பி இடத்தை அளக்க வைத்தார். மூன்றாமவர் முன்னால் தம்பி சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்த நீதிபதி பாதையின் வளைவைப் பற்றி அவரே இரண்டு கேள்வி கேட்டார். கேஸ் அவருக்குப் புரிந்துவிட்டது என்று தம்பிக்கு நம்பிக்கை வந்தது. கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் போனால் நாற்காலியில் வேறு முகம். குமாஸ்தா சொல்கிறார்: “அந்த ஜட்ஜய்யா மாறிப் போயிட்டாரு.”

இது நான் கட்டிய கதை. ஆனால் தமிழ்நாட்டின் எந்த முன்சீப் கோர்ட்டு வாசலிலும் அரை மணி நேரம் நின்றால் இந்த வாக்கியம் காதில் விழும். நீதிபதிகளின் பதவிக்காலம் பற்றி நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மேல்மாடியைப் பற்றியது: உச்ச நீதிமன்றத்தில் 65 வயது போதுமா, உயர் நீதிமன்றத்தில் 62-ஐ உயர்த்தலாமா. மலைக்குப் பின்புறத்து ஊர்க்காரனுக்கு நீதிபதியின் பதவிக்காலம் என்றால் மாற்றல் வரும்வரை அவர் உட்காரும் அந்த மூன்று வருஷ நாற்காலிதான். நீதிபதி எத்தனை வயதுவரை இருக்கிறார் என்பதும், ஓர் இடத்தில் எத்தனை நாள் இருக்கிறார் என்பதும் வேறு வேறு கேள்விகள். அவரைக் கிளப்பும் பேனா யார் கையில் இருக்கிறது என்பது மூன்றாவது. என் கணக்கில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் ஆள்கிறது.

நீதிபதி ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே இருந்து, ஊரிலேயே சாகும் ஏற்பாடும் நம்மிடம் இருந்தது. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816-ல் சென்னை மாகாணத்தில் வந்த ஒழுங்குவிதி, கிராமத் தலைவரையே கிராம முன்சீப் ஆக்கியது. 10 ரூபாய் வரையிலான சில்லறை வழக்குகளை அவர் திண்ணையில் உட்கார்ந்தே தீர்க்கலாம். அன்றைய 10 ரூபாய் ஏழைக் குடியானவனுக்குச் சில்லறை இல்லை என்பது வேறு விஷயம். மக்கள் நாவில் அவர் மணியக்காரர். வரி வசூலிப்பவரும் அவரே, வழக்குக் கேட்பவரும் அவரே. 1895-ல் வந்த பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் இந்த வேலையை அப்பனுக்குப் பின் பிள்ளை என்று எழுதியே வைத்தது. பதவிக்காலம் என்ற சொல்லுக்கே அங்கே பொருளில்லை. பதவி ஒரு சொத்து, காணி பூமி மாதிரி.

இதில் வசதி இருந்ததை மறுப்பதற்கில்லை. வண்டிப் பாதை எங்கே வளைந்து எந்தப் புளியமரத்தடியில் முடிகிறது என்று மணியக்காரருக்கு அளக்காமலே தெரியும். அந்த மரத்தடியில் யார் உட்காரலாம், யார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதைக் காப்பதும் அவர் வேலையாகவே இருந்தது. வாழ்நாள் பதவி சுதந்திரத்தைத் தரும் என்பது பாடப்புத்தகம். அரசனுக்கு அஞ்சாத சுதந்திரம் சொந்தச் சாதிக்கு அஞ்சாத சுதந்திரமாக இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அந்த 1895-ஆம் வருஷச் சட்டத்தின் பரம்பரைப் பிரிவை, ஆந்திரத்தில் இருந்து வந்த கஜுல தசரத ராமராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசு வேலையில் வம்சாவளியைப் பார்க்கக் கூடாது என்ற 16-ஆம் பிரிவுக்கு அது முரண் என்பது காரணம். வழக்கு விசாரிக்கும் அதிகாரம் காலப்போக்கில் தேய்ந்து, வரி வசூலும் கிராமக் கணக்கும்தான் மிஞ்சின. மிச்சத்தையும் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் முடித்தது. கர்ணமும் மணியக்காரரும் ஒரே இரவில் முன்னாள் ஆனார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ராஜேந்திரன் வழக்கில் 1982-ல் வந்த தீர்ப்பு, பதவியை ஒழிப்பது அரசின் அதிகாரம் என்று சொல்லிவிட்டது. அன்று வேலை போனவர்களுக்கு அனுதாபம் காட்டிய ஊர் எத்தனை, வெடி வெடித்த தெரு எத்தனை என்று எந்தக் கணக்கிலும் இருக்காது.

மறுகோடி உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லாரும் பேசுகிறார்கள். அவற்றில் பதவிக்காலம் பற்றிய கண்டிப்புதான் எனக்கு அதிசயம். ஊர்ச் சபையின் வாரியத்தில் இருக்கலாம், 360 நாள். பிறகு இறங்க வேண்டும். அண்மையில் வாரியம் செய்தவர் பெயர் மூன்று வருஷம் குடத்தில் விழக் கூடாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய உறவினர்களும் வெளியே. இடையில் குற்றம் செய்தால் அப்போதே நீக்கம். இன்னொரு ருசியான விவரம்: முதல் கல்வெட்டு 30 வயதுக்கு மேல் 60-க்குள் என்கிறது, இரண்டே வருஷத்தில் வந்த அடுத்தது 35-க்கு மேல் 70-க்குள் என்று மாற்றுகிறது. வயது வரம்பை ஏற்றும் கோரிக்கைக்கு ஆயிரம் வருஷத்து வரலாறு உண்டு போலிருக்கிறது. அது வேதம் படித்த, நிலம் வைத்திருந்த பிராமணச் சபையாரின் ஏற்பாடு என்பதை மறந்து ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு மனிதனை ஒரு நாற்காலியில் ரொம்ப நாள் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்ற பயம் அந்தக் கல்லில் நன்றாகவே இருக்கிறது.

மணியக்காரரின் ஆயுள்காலத்துக்கும் வாரியத்தாரின் 360 நாளுக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் இன்றைய மாவட்ட நீதித்துறை நிற்கிறது. திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென்னாற்காடு, தலைநகர் கடலூர். பிறகு வடஆற்காடு, வேலூர். 1989 செப்டம்பர் 30-ல்தான் தனி மாவட்டம். அடி அண்ணாமலைக்காரனுக்கு ஜில்லாத் தலைநகர் பக்கத்தில் வந்து இன்னும் நாற்பது வருஷம்கூட ஆகவில்லை.

அரசமைப்பின் 233-ஆம் பிரிவுப்படி மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். நியமனத்துக்குப் பிறகு, 235-ஆம் பிரிவுப்படி, எங்கே உட்காருவார், எப்போது விடுப்பில் போவார் என்பதெல்லாம் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில். ஆட்சியரோ அமைச்சரோ ஒரு முன்சீப்பை மாற்ற முடியாது. இது சின்ன விஷயமில்லை. தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் மாறும் நாட்டில் நீதிபதி மட்டும் அப்படி மாறுவதில்லை என்றால் அந்த 235-ஆம் பிரிவுதான் காரணம்.

ஆனால் பேனா இல்லாமல் போய்விடவில்லை; கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொறுப்பு நீதிபதி உண்டு. வக்கீல்கள் ‘போர்ட்ஃபோலியோ ஜட்ஜ்’ என்பார்கள். ரகசியக் குறிப்பு, டிஸ்போசல் கணக்கு, புகார் மனு எல்லாம் மேலே போகும். ஓய்வு வயதும் முழுசாக ஒரே வீச்சில் கிடைப்பதில்லை. அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிபதிகளின் ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கச் சொன்னது. 1993 மறுசீராய்வில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: கடைசி இரண்டு வருஷம் தானாக வராது, அந்த நீதிபதி இன்னும் பயன்படுவாரா என்று உயர் நீதிமன்றம் பார்த்துத்தான் தர வேண்டும். சோம்பேறியையும் கறைபடிந்தவரையும் கழிக்க இது ஒரு வழி. அதோடு, ஐம்பதைத் தாண்டிய நீதிபதி பெரிய புள்ளி சம்பந்தப்பட்ட ஜாமீன் மனுவைக் கையில் எடுக்கும்போது நெஞ்சுக்குள் ஓடும் கணக்கில் ஒரு வரியும் கூடுகிறது.

மூன்று வருஷ மாற்றல் எதற்கு? உள்ளூரில் வேர்விடக் கூடாது. வக்கீல்களோடு கொடுக்கல் வாங்கல், கல்யாண வீட்டுப் பழக்கம், ‘அந்த வக்கீல் போனா அந்த ஜட்ஜ் கேப்பாரு’ என்ற பேச்சு வரக் கூடாது. உத்திரமேரூர்க் கல்லின் அதே பயம். நியாயமான பயம். நானும் மூன்று வருஷத்தை எதிர்க்கவில்லை. எதிர்ப்பது அந்தக் கத்தரிக்கோல் விழும் இடத்தை.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 18, விதி 15 என்று ஒன்று இருக்கிறது. ஒரு நீதிபதி பாதி சாட்சி கேட்டுவிட்டு மாறிப் போனால், அடுத்தவர் அவர் எழுதிவைத்ததைத் தான் எழுதியதாகவே கொண்டு மீதியைத் தொடரலாம். சௌகரியமான விதி, இல்லாவிட்டால் எந்த வழக்கும் முடியாது. அதன் விலை என்ன? சாட்சி கூண்டில் நின்று விழித்ததைப் பார்த்தவர் ஒருவர், தீர்ப்பெழுதுபவர் இன்னொருவர். ‘தெரியாது’ என்று தட்டச்சில் விழுந்த சொல், எந்தக் கேள்விக்கு எத்தனை நொடி தயங்கிச் சொன்னது என்பது காகிதத்தில் ஏறாது. நம் தம்பியிடம் மூன்றாம் நீதிபதி கேட்ட இரண்டு கேள்வி நான்காம் நீதிபதிக்கு வெறும் இரண்டு வரி.

செக் மோசடி வழக்கில் இன்னும் மோசம். காசோலை திரும்பிய வழக்கைச் சுருக்க விசாரணையாக நடத்தியிருந்தால், அதில் முந்தைய மாஜிஸ்டிரேட் எடுத்த சாட்சியத்தை அடுத்தவர் பயன்படுத்த முடியாது. முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் நிதின்பாய் ஷா வழக்கில் சொன்னது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று வைத்த சுருக்கு வழி, ஒரு மாற்றல் உத்தரவில் நீண்ட சுற்றாகிவிடும்.

மாற்றலுக்கும் சாட்சி விசாரணைக்கும் முடிச்சுப் போட முடியாதா? வாதமும் சாட்சியும் முடிந்து தீர்ப்புக்கு நிற்கும் வழக்குகளை முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. சாட்சியம் பாதியில் நிற்கும் வழக்குகளுக்கும் அதை நீட்டலாம். பட்டியல் வரப்போவது எல்லோருக்கும் தெரிந்த மாதத்தில்தான். கடைசி ஆறு மாதத்தில் புதுச் சாட்சிகளைத் தொடங்காமல், தொடங்கியதை முடிப்பது என்று வைத்தால் போதும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

இனி மேல்மாடிக்கு வருவோம். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 217-ஆம் பிரிவு முதலில் 60 வயது என்றது. 1963-ல் 15-ஆம் திருத்தம் 62 ஆக்கியது. அதை 65 ஆக்க 2010-ல் வந்த மசோதா காலாவதியாகிப் போனது. மாவட்டத்தில் 60, உயர் நீதிமன்றத்தில் 62, டெல்லியில் 65. படி ஏற ஏற மூளை மெதுவாக மூப்படையும் என்று யாராவது விஞ்ஞானி கண்டுபிடித்திருக்க வேண்டும்! 25, 26 வயதில் முன்சீப்பாகச் சேர்ந்து, சப் ஜட்ஜாகி, மாவட்ட நீதிபதியாகி, உயர் நீதிமன்றம் போய்ச் சேரும்போது பலருக்கு வயது 57, 58. மிஞ்சுவது நாலைந்து வருஷம். வக்கீல் தொழிலில் இருந்து நேரே வருபவர் 45-ல் ஏறுகிறார், 17 வருஷம் இருக்கிறார். தலைமை நீதிபதி நாற்காலியும் டெல்லி டிக்கெட்டும் பணிமூப்பில் வருவதால், கீழிருந்து வந்தவருக்கு அது பெரும்பாலும் எட்டாக்கனி. திருவாரூர்ப் பக்கம் கிராமக் கணக்கருக்கு உதவியாளாய் மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கி, மாவட்ட முன்சீப் ஆகி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாய் அமர்ந்த முத்துசாமி அய்யரின் படம் பார்த்து வளர்ந்த மாகாணம் இது. அவருக்கு அன்று 62 என்ற சுவர் இல்லை. 1895-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

வயது என்று வந்ததும் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1964-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எஸ். ராமச்சந்திர அய்யர். அவர் கொடுத்திருந்த பிறந்த தேதி சரியில்லை, ஓய்வு வயது தாண்டிவிட்டது என்று புகார் கிளம்பியது. ஆதாரமாகச் சொல்லப்பட்டது அவருடைய தம்பியின் அறுபதாம் கல்யாண அழைப்பிதழ். தம்பிக்கு அறுபது என்றால் அண்ணனுக்கு? அவர் ராஜினாமா செய்தார். திருக்கடையூரில் மாலை மாற்றிக்கொள்ளும் நம் வழக்கம் ஒரு தலைமை நீதிபதியின் பதவிக்காலத்தை முடித்துவைத்தது! அந்தத் தலத்துக் கதையிலேயே எமதர்மராஜன் பதவி இழந்து, பிறகு பூமி பாரம் தாங்காமல் அதைத் திரும்பப் பெறுகிறான். கிரிவலத்தில் தெற்கே எமலிங்கத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான். கல்கத்தாவிலும் ஜோதிப் பிரகாஷ் மித்தர் என்ற நீதிபதிக்கு இதே தகராறு வந்தது. நீதிபதியின் வயதுச் சிக்கலைக் குடியரசுத் தலைவரே, இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து தீர்ப்பார் என்று 217-ல் ஓர் உட்பிரிவு சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

62 வரை உத்தரவாதம் என்பதற்கு முன்னால் ஒரு வராண்டா இருக்கிறது. 224-ஆம் பிரிவில் வரும் கூடுதல் நீதிபதி. இரண்டு வருஷத்துக்கு மேல் போகாத நியமனம். நிலுவை வழக்குகளைக் குறைக்கத் தற்காலிகமாக வந்த ஏற்பாடு, நாளடைவில் உயர் நீதிமன்றத்துக்குள் நுழையும் வழக்கமான வாசல் ஆகிவிட்டது. கே. சந்துரு 2006-ல் கூடுதல் நீதிபதி ஆனார், நிரந்தரம் 2009-ல்தான். அந்த இடைக்காலத்தில் அஞ்சாமல் தீர்ப்பெழுத அவரைப் போன்றவரால் முடியும். 2013-ல் ஓய்வு பெற்ற அன்று பிரிவுபசாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மின்சார ரயிலேறி வீடு போனவர் அவர். எல்லாரிடமும் அதை எதிர்பார்த்து விதி செய்ய முடியுமா? அரசே பெரிய வழக்காடியாக நிற்கும் நீதிமன்றத்தில், அரசின் கையெழுத்தும் தேவைப்படும் ஒரு நீட்டிப்புக்காக நீதிபதி காத்திருக்கிறார் என்பது ஏற்பாட்டின் கோளாறு.

மேல்மாடியிலும் மாற்றல் உண்டு. நெருக்கடி நிலையின்போது 1976-ல் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாற்றப்பட்டார்கள். 1981-ல் தமிழ்நாட்டுக்கே நேராக வந்தது இடி. பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கைச் சென்னைக்கும், சென்னைத் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயிலைக் கேரளத்துக்கும் மாற்றி உத்தரவு. கம்பனில் ஊறியவர் இஸ்மாயில், சென்னைக் கம்பன் கழகத்தின் தூண். பக்கத்து மாநிலம்தானே, போயிருக்கலாமே என்று அப்போதும் கேட்டிருப்பார்கள். அவர் போகவில்லை, வழக்கும் போடவில்லை; ராஜினாமா செய்தார். அந்த வருஷக் கடைசியில் வந்த எஸ்.பி. குப்தா தீர்ப்பு பேனாவை அரசிடமே விட்டது. 1993-லும் 1998-லும் வந்த தீர்ப்புகள் பேனாவை உச்ச நீதிமன்றத்தின் கொலீஜியத்துக்குப் பிடுங்கிக்கொண்டன. 2015-ல் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைச் செல்லாது என்றதும் அதன் தொடர்ச்சி.

கொலீஜியத்தின் கையில் பேனா வந்ததும் இஸ்மாயிலுக்கு நேர்ந்தது நின்றதா? 75 நீதிபதி இடம் கொண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமானியை 2019-ல் மேகாலயாவுக்கு மாற்றினார்கள். விரல்விட்டு எண்ணும் அளவு நீதிபதிகள் உள்ள நீதிமன்றம் அது. அவரும் ராஜினாமா. 2021 ஜனவரியில் வந்த சஞ்சீப் பானர்ஜி அந்த நவம்பரிலேயே அதே மேகாலயாவுக்கு. காரணம் வெளியே சொல்லவில்லை. வக்கீல்கள் கடிதம் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், நடக்கவில்லை. மேகாலயாக்காரர்கள் கேட்டிருக்க வேண்டும்: எங்கள் ஊர் என்ன தண்டனைக் களமா?

மறுபக்கமும் உண்டு. அகற்றவே முடியாத பதவிக்காலத்தின் அவஸ்தையையும் சென்னை பார்த்திருக்கிறது. சென்னையில் இருந்து போன உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமிக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானம் 1993 மே 11-ல் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமில்லை, ஒதுங்கியவர்கள் 205 பேர், பெரும்பாலும் காங்கிரஸ்காரர்கள். தீர்மானம் தோற்றது. சென்னையில் இருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட சி.எஸ். கர்ணனுக்கு 2017 மே மாதம் நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை. ஜூன் 12-ல் பதவிக்காலம் முடியும் வரை கைதாகவில்லை, 20-ல் கோவையில் கைதானார். பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிக்குத் தண்டனை கொடுக்கலாம், ஆனால் நடைமுறையில் நாற்காலியைக் காலம்தான் எடுக்க முடியும்.

தீர்ப்பாயங்களில் கதை தலைகீழ். அங்கே அரசு நாற்காலியின் காலைச் சுருக்கிக்கொண்டே போனது. எதிர்த்து நின்றது டெல்லிக்காரர்கள் இல்லை, நம் மெட்ராஸ் பார் அசோசியேஷன். தீர்ப்பாய உறுப்பினருக்கு 5 வருஷமாவது வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 2021-ல் அவசரச் சட்டம் 4 வருஷம் என்றது. ஜூலையில் நீதிமன்றம் அதை அடித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதையே திரும்ப எழுதியது. 2025 நவம்பர் 19-ல் நீதிமன்றம் மறுபடி அடித்தது. 4-க்கும் 5-க்கும் இத்தனை சண்டையா என்றால், நல்ல தொழிலில் இருக்கும் வக்கீல் ஒருவர் 4 வருஷத்துக்காக வழக்குக் கட்டுகளை எல்லாம் கொடுத்துவிட்டு வரமாட்டார். ஓய்வு பெற்றவர்களும் மறுநியமனத்தை எதிர்பார்ப்பவர்களும்தான் மிஞ்சுவார்கள்.

வெளியே போய்ப் பார்த்தால் ஆறுதல் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க மாநிலங்களில் இதற்கு ஐம்பது விதமான விடைகள். ரோட் ஐலண்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஆயுள்காலம். மாசசூசெட்ஸில் 70 வயது. டெக்ஸாஸில் கட்சிச் சின்னத்தோடு தேர்தல், ஆறு வருஷம். கலிபோர்னியாவில் ஆளுநர் நியமிக்க, மக்கள் அவ்வப்போது வேண்டும், வேண்டாம் என்று வாக்களிப்பார்கள். மரண தண்டனைகளைத் தொடர்ந்து ரத்து செய்த தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் இன்னும் இரண்டு நீதிபதிகளையும் 1986-ல் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நியூ ஜெர்சியின் ஏற்பாடு நம் கூடுதல் நீதிபதிக்குச் சித்தப்பா முறை: முதலில் ஏழு வருஷம், மறுநியமனம் கிடைத்தால் 70 வரை. அந்த மறுநியமனம் பல பத்தாண்டுகள் சடங்காகவே இருந்தது; 2010-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, ஜான் வாலஸ் என்ற நீதிபதிக்கு அதை மறுத்ததும்தான் அது சடங்கில்லை என்று தெரிந்தது. மெக்சிகோ 2025 ஜூனில் நீதிபதிகளை வாக்குப்பெட்டியில் தேர்ந்தெடுத்தது. வந்து வாக்களித்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்.

இலங்கையில் 1978-ல் புது அரசமைப்பு வந்த அன்று உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் எல்லாருடைய பதவியும் தானாக முடிந்ததாக ஒரு பிரிவு. விருப்பமானவர்களை மட்டும் திரும்ப நியமித்தார்கள். 2013-ல் பதவி நீக்கப்பட்ட தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க, ஆட்சி மாறியதும் 2015 ஜனவரி 28-ல் திரும்பி வந்து மறுநாள் ஓய்வு பெற்றார். அந்த ஒரு நாள் பதவிக்காலம் ஒரு பரிகாரம். ஆனால் எனக்கு நெருக்கமாகப் படுவது முல்லைத்தீவு. குருந்தூர்மலை விகாரைத் தகராறு வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தல் என்று காரணம் சொல்லி 2023 செப்டம்பரில் பதவியையும் விட்டு, நாட்டையும் விட்டுப் போனார். அவருக்கு ஓய்வு வயது எத்தனை என்பது அந்த நேரத்தில் ஒரு பொருட்டே இல்லை. சிங்கப்பூரில் எதிர்க்கட்சிக்காரர் ஜெயரத்தினத்தைப் பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் இருந்து விடுவித்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ, பிறகு அரசு வழக்குத் துறைக்கு மாற்றப்பட்டார். அரசின் தலையீடு இல்லை என்று 1986-ல் விசாரணை ஆணையம் சொன்னது. இருக்கலாம். ஆனால் கீழ்க்கோர்ட்டு நீதிபதியை இடம் மாற்ற அரசுக்கு முடியும் என்ற நிலை இருக்கும்வரை, தலையிடவில்லை என்பதை நிரூபிக்கும் பாரமும் அரசின் தலையில்தான்.

பதவிக்காலம் முடிந்த பிறகு என்ன என்பதும் பதவிக்காலத்தின் பகுதிதான். 1958-லேயே சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை, ஓய்வு பெற்ற நீதிபதிகள் அரசு வேலை ஏற்கக் கூடாது என்றது. இந்தியத் தலைமை நீதிபதியாக 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்ற ஈரோட்டுக்காரர் ப. சதாசிவம் செப்டம்பரில் கேரள ஆளுநர் ஆனார். சட்டப்படி தவறில்லை. நாலு மாதச் சொச்ச இடைவெளி போதுமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. 62-ல் நல்ல உடம்போடு வெளியே வருபவருக்குக் கமிஷன், தீர்ப்பாயம், நடுவர் தீர்ப்பு என்று வேறு நாற்காலிகள் கண்ணில் படத்தான் செய்யும். எல்லா நீதிமன்றங்களிலும் ஒரே ஓய்வு வயது, அதன் பிறகு அரசு நியமனத்துக்கு மூன்று வருஷத் தடை என்று இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். வயதை மட்டும் உயர்த்தினால் நாற்காலிக்கான காத்திருப்புதான் மூன்று வருஷம் தள்ளிப் போகும்.

ஏப்ரல் கடைசியில் மாற்றல் பட்டியல் வரும். புது நீதிபதி பொறுப்பேற்கும்வரை பக்கத்து கோர்ட்டு நீதிபதி ‘இன்சார்ஜ்’. அவர் தன் கோர்ட்டு வேலையை முடித்துவிட்டு வந்து அவசர மனுக்களைப் பார்ப்பார், மற்றதற்கு வாய்தா. மே மாதம் முழுக்க விடுமுறை. அடி அண்ணாமலைத் தம்பி ஜூன் வாய்தாவுக்குப் பஸ் ஏறிப் போகிறார். டவாலி பெயரைக் கூப்பிடுகிறார். மேலே இருப்பவர் கட்டைப் புரட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்கிறார்: “இது என்ன கேஸ்?”